ஒண்டுக்குடித்தனத்தில் நிரல் மொழிகள்

26, 27, 96, 172. இந்த நான்கு எண்களைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழு எண்களைக் கூட்டி விடையைத் திருப்பித் தரும் ஒரு சிறு நிரல் முழுவதும் இவ்வளவுதான். 26 என்றால், 'முதல் எண்ணை எடுத்து அடுக்கின் மேல் வை' என்று பொருள். 27 என்றால், 'இரண்டாவது எண்ணை அதன் மேல் வை'. 96 என்றால், 'மேலே உள்ள இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை அங்கேயே வை'. 172 என்றால், 'மேலே இருப்பதை அழைத்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பு'. சமையலறையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்தே எடுப்பது போன்ற வேலை.

இது எந்தக் கணிப்பொறியின் இயந்திர மொழி என்று கேட்பீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் கணிப்பொறியின் செயலிக்கு இந்த எண்கள் புரியா. இவை ஜாவா மெய்நிகர் பொறி எனப்படும் ஒரு கற்பனைப் பொறியின் ஆணைகள். ஒவ்வோர் ஆணையின் எண்ணும் ஒரே பைட்டில் அடங்குவதால் இவற்றைப் பைட்குறி என்கிறோம். உண்மையான செயலியின் மேல் ஓடும் ஒரு பெரிய நிரல்தான் அந்தக் கற்பனைப் பொறியாக வேடம் போடுகிறது. வேடம் போடும் நிரலை ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் ஒருமுறை எழுதிவிட்டால் போதும்; மற்ற நிரல்கள் எல்லாம் எங்கும் ஓடும்.

அந்தக் கூட்டல் நிரலை ஜாவா மொழியில் எழுதினாலும் இதே நான்கு எண்கள்தாம். கோட்லின் மொழியில் எழுதினாலும் இதே நான்கு எண்கள்தாம். ஸ்காலா மொழியில் எழுதினால் ஓரிரு எண்கள் மாறும், அவ்வளவே. ஆகவே மாணவர்களிடம் அடிக்கடி ஒன்று சொல்லப்படுகிறது: 'எந்த மொழியில் எழுதினால் என்ன? கீழே பொறி ஒன்றுதானே? மொழி என்பது வெறும் மேற்சட்டை, பொறி நடுநிலையானது.'

இந்தக் கூற்றைத்தான் இங்கே உரைகல்லில் உரசிப் பார்க்க விரும்புகிறேன். ஒரு மொழியைக் கற்க நீங்கள் ஓர் ஆண்டையாவது செலவிடுகிறீர்கள். அது உங்களைக் கைவிடும் இடத்தில், குறை உங்களிடமா, மொழியிடமா, அதற்கும் கீழே இருக்கும் பொறியிடமா என்று தெரியாமல் திகைக்கக் கூடாது அல்லவா?

பொதுப் பொறி என்ற எண்ணம் ஜாவாவுக்கு மிகவும் மூத்தது. பத்து மொழிகளும் பத்து வகைக் கணிப்பொறிகளும் இருந்தால் நூறு கம்பைலர்கள் எழுத வேண்டும். நடுவில் ஒரு பொது மொழியை வைத்துக்கொண்டால், மொழியிலிருந்து நடுவுக்குப் பத்து, நடுவிலிருந்து கணிப்பொறிக்குப் பத்து, ஆக இருபது போதும். இந்தக் கணக்கை முன்வைத்து 1958-ல் அமெரிக்கக் கணிப்பொறிப் பயனாளர் அமைப்பான ஷேரின் குழு ஒன்று 'அன்கால்' என்ற பொது இடைமொழியை முன்மொழிந்தது. கணக்குச் சரி; ஆனால் அப்படி ஒரு மொழி உருவாகி நிலைக்கவே இல்லை. 1970-களில் சூரிச் நகரில் நிக்லாஸ் விர்த்தின் குழு பாஸ்கல் மொழிக்காக ஒரு கற்பனைப் பொறியை வகுத்தது. சான் டியகோவில் கென்னத் பவுல்ஸ் அதைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பொறி ஓடியது. ஆனால் அது முதன்மையாகப் பாஸ்கலுக்கு என்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. எல்லோருக்கும் என்று எண்ணியது ஓடவில்லை; ஒருவருக்கு என்று செய்தது ஓடியது. இதைக் கவனத்தில் வையுங்கள், மீண்டும் வரும்.

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜேம்ஸ் காஸ்லிங்கின் ஜாவா மொழியையும் அதற்கான பொறியையும் வெளியிட்டது. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. பொறியின் இலக்கண நூல் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருந்ததால், பைட்குறியை உண்டாக்கத் தெரிந்த எவரும் அதன் மேல் தம் மொழியை ஓட்டலாம் என்றாயிற்று. பைத்தானின் ஒரு வடிவம் 1997-லேயே குடியேறியது. பின்னர் ரூபியின் வடிவமான ஜேரூபி, குரூவி, மார்ட்டின் ஓடெர்ஸ்கியின் ஸ்காலா, 2007-ல் ரிச் ஹிக்கியின் குளோஜர், 2011-ல் அறிமுகமாகி 2016-ல் முதற்பதிப்புக் கண்ட கோட்லின் என்று குடித்தனங்கள் பெருகின.

பழைய ஊர்களில் ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் ஐந்தாறு குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே கிணறு. ஜாவாப் பொறியும் அப்படித்தான். நீங்கள் கோட்லினில் எழுதினாலும் குளோஜரில் எழுதினாலும், கம்பைலர் உண்டாக்கும் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் 202, 254, 186, 190 என்றே இருக்க வேண்டும். பதினாறின் அடிமானத்தில் எழுதினால் இவை 'கஃபே பேப்' என்ற ஆங்கிலச் சொற்களாகத் தெரியும். ஜாவாவை உண்டாக்கியவர்கள் காப்பி குடித்தபடி செய்த விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டினாலும் நிலைப்படியில் வீட்டுக்காரரின் பெயர்ப்பலகை.

குடியிருப்போருக்குக் கிடைக்கும் வசதிகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் விமர்சனம் நேர்மையாகாது. பயன்பாடு முடிந்த நினைவகத்தைத் தானே கண்டுபிடித்து மீட்கும் ஏற்பாடு அங்கே ஆயத்தமாக இருக்கிறது. இதை நன்றாக எழுதுவது ஆண்டுக்கணக்கான உழைப்பு. ஒரு புதுமொழிக்காரர் தனியாகச் செய்யக்கூடியதன்று. அடிக்கடி ஓடும் பகுதிகளைக் கண்டறிந்து, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை உண்மையான செயலியின் மொழிக்கு மாற்றும் ஹாட்ஸ்பாட் என்னும் அமைப்பும் இலவசம். பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களையும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். ரூபியின் மூல வடிவத்தில் ஒரு பொதுப் பூட்டு இருப்பதால் பல இழைகள் ஒரே நேரத்தில் ரூபி நிரலை ஓட்ட முடியாது, ஜேரூபியில் முடியும். வாடகைக்கு வந்தவர் சொந்த வீட்டில் இருந்ததைவிட வசதியாக வாழ்கிறார்!

ஆனால் அந்த ஹாட்ஸ்பாட் யார் வீட்டுச் சொத்து? இங்கேதான் கதை சுவையாகிறது. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் சன் நிறுவனத்திலும் 'செல்ஃப்' என்ற மொழியில் ஆய்வு நடந்தது. டேவிட் உங்கர், கிரெய்க் சேம்பர்ஸ், உர்ஸ் ஹோல்ஸ்லே போன்றோர் அதில் ஈடுபட்டனர். செல்ஃப் மிகவும் நெகிழ்வான மொழி. ஒரு பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறது, ஓர் அழைப்பு எந்தச் சார்பைச் சென்றடையும் என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும். அத்தகைய மொழியையும் வேகமாக ஓட்டலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு முறை தேடிக் கண்ட விடையை அழைக்கும் இடத்திலேயே குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை தேடாமல் பயன்படுத்துவது அவர்களுடைய முக்கிய உத்திகளுள் ஒன்று. இந்த உத்திகள் ஸ்மால்டாக் வழிவந்த ஒரு மொழிக்காக ஒரு சிறு நிறுவனத்தில் வளர்க்கப்பட்டன. அந்த நிறுவனத்தை 1997-ல் சன் வாங்கியது. 1999-ல் அதுவே ஹாட்ஸ்பாட் ஆயிற்று.

அதாவது, நெகிழ்வான மொழிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து, கறாரான ஜாவாவின் உடம்பைத் தேற்றியது. பதிலுக்கு நெகிழ்வான மொழிகளுக்கு அந்த வீட்டில் என்ன கிடைத்தது? ஒரு சார்பை அழைக்க அன்று பொறியில் நான்கு ஆணைகள் இருந்தன. நான்கும், 'எந்த வகுப்பின் எந்தச் சார்பு, அது என்னென்ன வகைத் தரவுகளை வாங்கும்' என்பதை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும். ஜாவா மொழிக்கு அது தெரியும். ரூபிக்கும் பைத்தானுக்கும் அது ஓடும்போதுதான் தெரியும். ஆகவே ஜேரூபியை எழுதியவர்கள் தங்கள் தேடுதல் வேலையைத் தாங்களே ஒரு தனி நிரலாக எழுதி, அழைப்பைச் சுற்றிவளைத்து அனுப்ப வேண்டியிருந்தது. இந்தச் சுற்றுவழிக்குள் என்ன நடக்கிறது என்பது ஹாட்ஸ்பாட்டின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வேகப்படுத்தும் வித்தை கையில் இருந்தும், அந்த வித்தை யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்கே அது எட்டவில்லை.

இந்தக் குறை 2011-ல்தான் நீங்கியது. ஜான் ரோஸ் முன்னின்று நடத்திய முயற்சியால் ஜாவாவின் 7-ஆம் பதிப்பில் ஐந்தாவது அழைப்பு ஆணை ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் எண் 186. அதுவரை பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு காலி இடம். 'யாரை அழைப்பது என்பதை மொழிக்காரரின் நிரலையே கேட்டு முடிவு செய். முடிவைக் குறித்து வைத்துக்கொள்' என்பது அதன் பொருள். வெளியானபோது ஜாவா மொழிக்கு அதனால் நேரடிப் பயன் ஏதும் இல்லை. முற்றிலும் குடித்தனக்காரர்களுக்காகத் திறந்த கதவு. மூன்றே ஆண்டுகளில் என்ன நடந்தது தெரியுமா? 2014-ல் ஜாவாவின் 8-ஆம் பதிப்பில் பெயரில்லாச் சார்புகள் வந்தன. அவற்றை உள்ளே நிறைவேற்றுவது அதே 186-தான். 2017-ல் எழுத்துச் சரங்களை ஒட்டும் வேலைக்கும் அதையே பயன்படுத்தினார்கள். பின்கட்டுக்காரருக்காக வெட்டிய வாசலில் இன்று அதிகம் நடமாடுபவர் முன்கட்டுக்காரரே.

இதிலிருந்து நான் காண்பது: பொறி நடுநிலையானது என்ற கூற்று பொய். பொறி 1995-ல் ஒரே மொழியின் அளவுக்குத் தைக்கப்பட்டது. பிற மொழிகளுக்கு என்று ஓர் ஆணை சேர 16 ஆண்டுகள் ஆயின. சேர்த்த பிறகு அதனால் எல்லோரும் பயனடைந்தனர். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் திறவாத கதவு ஒன்று உண்டு. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஓர் எண் இரட்டையா என்று கண்டுபிடிக்க விளையாட்டாக இரண்டு சார்புகளை எழுதினேன். முதற் சார்பின் விதி: எண் பூஜ்யமானால் அது இரட்டை, இல்லையேல் அதைவிட ஒன்று குறைந்த எண் ஒற்றையா என்று இரண்டாவது சார்பைக் கேள். இரண்டாவது சார்பின் விதி: எண் பூஜ்யமானால் அது ஒற்றையன்று, இல்லையேல் ஒன்று குறைந்த எண் இரட்டையா என்று முதற் சார்பைக் கேள். வகுத்துப் பார்த்தால் ஒரு நொடியில் முடியும் வேலைதான். ஆனால் மொழியைச் சோதிக்க இது நல்ல உரைகல். ஸ்கீம் மொழியில் பத்து இலட்சம் என்று கொடுத்தேன், விடை வந்தது. குளோஜரில் அதே நிரலை எழுதிக் கொடுத்தேன். அடுக்கு நிரம்பி வழிந்தது என்ற செய்தியுடன் நிரல் விழுந்தது. எழுதியதில் பிழை தேடி ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. பிழை என்னிடம் இல்லை.

காரணம் இதுதான். முதற் சார்பு இரண்டாவதைக் கேட்டபின் அதற்குச் செய்ய வேறு வேலை கிடையாது. வரும் விடையை அப்படியே கொடுக்க வேண்டியதுதான். இத்தகைய இறுதி அழைப்பை வால் அழைப்பு என்கிறார்கள். அழைத்தவருக்கு இனி வேலை இல்லை என்றால், அவருக்காக அடுக்கில் இடம் பிடித்து வைப்பது எதற்கு? அந்த இடத்தை விடுவித்துவிட்டே அடுத்தவரை அழைக்கலாம் என்பது ஸ்கீம் மொழியின் சட்டம். ஜாவாப் பொறியில் அத்தகைய ஆணை இல்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தட்டு மேலே ஏறுகிறது. பத்து இலட்சம் தட்டுகளை அடுக்க இடம் ஏது?

குடியிருக்கும் மொழிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில் அவற்றின் குணம் தெரிகிறது. ஒரு சார்பு தன்னைத்தானே வாலில் அழைத்தால், ஸ்காலாவின் கம்பைலர் அதை இயன்றவிடத்துச் சத்தமில்லாமல் சுழலாக மாற்றிவிடும். இரண்டு சார்புகள் மாறி மாறி அழைத்தால் கைவிரித்துவிடும். கோட்லினில் அதற்கென்று ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் மாற்றம் நடக்கும். குளோஜர் ஒரு படி மேலே போய், சார்பின் பெயரைச் சொல்லி அழைக்காமல் 'மீண்டும் வா' என்ற பொருளுடைய தனிச் சொல்லால் அழைக்கச் சொல்கிறது. மாறி மாறி அழைப்பதற்கு வேறொரு கருவியைத் தருகிறது. எனக்குக் குளோஜரின் வழியே பிடித்திருக்கிறது. இங்கே ஒரு சுவர் இருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. சில இடங்களில் மட்டும் சுவரை மாயமாக மறைத்து, மற்ற இடங்களில் மோதவிடுவது மாணவரைக் குழப்பும்.

இந்த ஆணையை ஏன் சேர்க்கவில்லை? நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. ஒரு நிரற்பகுதிக்குக் கோப்பைத் திறக்க உரிமை உண்டா என்று பார்க்க, யார் யாரை அழைத்தார்கள் என்று பொறி அடுக்கைப் பின்னோக்கிப் படிக்கும். தட்டுகளை இடையில் எடுத்துவிட்டால் சாட்சி மறைந்துவிடுமே என்பது வாதம். இரண்டும் ஒத்துப்போக வழி உண்டு என்று ஜான் கிளெமென்ட்ஸும் மத்தியாஸ் ஃபெல்லைசனும் 2004-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினர். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பொறியோ இந்த வசதியைத் தன் ஆணைகளிலேயே வைத்திருக்கிறது. அதன் மேல் ஓடும் எஃப்-ஷார்ப் மொழி அதைப் பயன்படுத்துகிறது. கடைசியில் ஜாவாவின் அந்தப் பாதுகாப்பு அமைப்பே 2021-ல் ஓய்வுக்குக் குறிக்கப்பட்டு, 2025-ல் வந்த 24-ஆம் பதிப்பில் நிரந்தரமாக முடக்கப்பட்டது. காரணம் போய்விட்டது, கதவு திறக்கவில்லை.

சிறு சங்கடங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் 2147483647 உடன் 1-ஐக் கூட்டினால் விடை –2147483648. எச்சரிக்கை ஏதும் வராது. கோட்லினிலும் ஸ்காலாவிலும் இதே கூத்துதான். 32 பிட்டு முழு எண் பொறியோடு வந்தது. 'ஒன்றுமில்லை' என்பதைக் குறிக்கும் 'நல்' இன்னொன்று. அதைப் புகுத்திய டோனி ஹோரே, அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்று 2009-ல் வருந்தினார். கோட்லின் அதற்கு முன்வாசலில் நல்ல பூட்டுப் போட்டிருக்கிறது. ஆனால் ஜாவாவில் எழுதிய நிரலை அழைத்த மறுகணம், கொல்லைப்புறம் வழியாக அது உள்ளே வந்துவிடும்.

இவ்வளவு சொன்னபின், 'அப்படியானால் எந்த மொழிக்கும் சார்பில்லாத பொது வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டிவிடலாமே?' என்று கேட்பீர்கள். கட்டிப் பார்த்தார்கள். பெர்லும் பைத்தானும் ஒன்றாகி 'பேரட்' என்ற புதுமொழி ஆகப்போவதாக 2001 ஏப்ரல் முதல் நாள் ஒரு முட்டாள்தின வேடிக்கைச் செய்தி வந்தது. அந்தப் பெயரையே பின்னர் உண்மையான ஒரு பொறிக்குச் சூட்டினார்கள். பெர்லின் அடுத்த பதிப்பைத் தாங்க வேண்டும்; பைத்தான், ரூபி போன்ற நெகிழ்வான மொழிகள் எல்லாவற்றுக்கும் இடம் தர வேண்டும் என்பது நோக்கம். 2009-ல் முதற்பதிப்பு வந்தது. குடியேறிய மொழிகள் பெரும்பாலும் அரைகுறையாகவே நின்றன. இறுதியில், யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தப் பெர்ல்காரர்களே தங்களுக்கென்று வேறொரு பொறியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று தைத்த சட்டை யாருக்கும் பொருந்தவில்லை என்பதே என் கணிப்பு. அன்கால் கதைதான் மறுபடியும்.

இதற்கு நேர்மாறு எர்லாங் மொழியின் பொறி. எரிக்சன் நிறுவனம் தன் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980-களில் உருவாக்கிய மொழி எர்லாங். அதன் பொறியில் இலட்சக்கணக்கான சிறு செயல்கள் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஒன்று செத்தால் மற்றது தடுமாறாது. ரூபி உலகிலிருந்து வந்த ஹொசே வலிம், எலிக்சர் மொழியைப் படைத்தபோது இந்தப் பொறியைத்தான் தேர்ந்தெடுத்தார். அது நடுநிலையானது என்பதற்காக அன்று. இந்தத் தனிக்குணம் அவருக்கு வேண்டியிருந்தது. ஜாவாப் பொறியில் இலட்சக்கணக்கான மெல்லிய இழைகளை ஓட்ட 2023-ல் வந்த 21-ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் நினைவகம் எல்லோருக்கும் பொதுதான்.

ஆகவே, ஜாவாப் பொறி ஒருதலைப்பட்சமானது என்பது என் குற்றச்சாட்டு அன்று. நிலைத்த பொறிகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. சில இடங்களில் அதன் அசட்டைகூடக் குடித்தனக்காரருக்கு நன்மையாக முடிந்தது. 2004-ல் ஜாவாவில் 'எழுத்துச் சரங்களின் பட்டியல்', 'எண்களின் பட்டியல்' என்று வகை பிரித்துச் சொல்லும் வசதி வந்தது. ஆனால் கம்பைலர் அந்த வேறுபாட்டைச் சோதித்தபின் அழித்துவிடும். ஓடும் பொறிக்கு இரண்டும் வெறும் பட்டியல்தான். இதைக் குறை என்று பலர் பழித்தனர். டாட்நெட் பொறி அதை அழிக்காமல் வைத்திருக்கிறது. ஆனால் வைத்திருப்பது மைக்ரோசாஃப்டின் சி-ஷார்ப் மொழிக்கு இசைந்த விதிகளோடு. வேறு விதி கொண்ட மொழிக்கு அது தரையோடு பதித்த கட்டில், நகர்த்த முடியாது. ஸ்காலாவை டாட்நெட்டுக்குக் கொண்டுபோக முயன்றவர்களுக்கு இது ஒரு தலைவலியாயிற்று. அம்முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. வெற்றுத்தரை சில சமயம் பதித்த கட்டிலைவிட மேல்.

என் குற்றச்சாட்டு, வீட்டுக்கு வீட்டுக்காரர் உண்டு என்பதை மாணவர்களிடம் மறைப்பது. ஸ்கீம் நூல் ஒன்றைப் படித்துவிட்டுக் குளோஜரில் எழுத உட்காரும் மாணவர், தான் படித்தது தவறோ என்று ஐயப்பட வேண்டியதில்லை.

இணைய உலாவிகளுக்காக வந்த வெப்அசெம்பிளி என்னும் பொறியையும் இதே கண்ணோடு பாருங்கள். 2017-ல் நான்கு பெரிய உலாவிகளில் வந்தபோது அதற்குத் தெரிந்தவை நான்கு வகை எண்களும் ஒரு நீண்ட நினைவகமும் மட்டுமே. சி போன்ற மொழிகளுக்கு அது போதும். நினைவகத்தைத் தானே மீட்டுக்கொள்ளும் மொழிகள் பாத்திரபண்டங்களை எல்லாம் தாமே சுமந்து வர வேண்டியிருந்தது. 2023-ன் இறுதியில் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த வசதி பொறிக்குள்ளேயே வந்தது. வால் அழைப்புக்கான ஆணைகளும் அதே ஆண்டில் அவ்விரண்டிலும் வந்துவிட்டன.

ஜாவாக் கருவித் தொகுதி உங்களிடம் இருந்தால், அதனுடன் இலவசமாக வரும் 'ஜாவா-பி' என்ற கருவியால் உங்கள் நிரலின் பைட்குறியைப் பிரித்துப் பாருங்கள். ஆணைகளைப் பெயரோடு காட்டும். பெயருக்குரிய எண்ணைப் பொறியின் இலக்கண நூலில் காணலாம். கூட்டல் நிரலில் 26, 27, 96, 172-க்கு உரிய ஆணைகள் தெரியும். பெயரில்லாச் சார்பு ஒன்றை எழுதினால் 186-க்கு உரியது தெரியும். 0 முதல் 201 வரை எண்களுக்குப் பொருள் உண்டு. 202, 254, 255 ஆகிய மூன்றும் பொறியின் உள்வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவை. 203 முதல் 253 வரை இன்றும் காலி.